கேட்டால்தான் சொல்லும்

ஜூன் 3, செவ்வாய்

கஞ்சி நாலு வேளை, வயிற்றுக் குழாய் வழியாக. சளி எடுத்தது மூன்று தடவை. மூச்சு மாஸ்க் ராத்திரி முழுக்க, பகலில் பாதி நேரம்.

ஆஸ்பத்திரியில் இவ்வளவுதான் எழுதச் சொன்னார்கள். மீதிப் பக்கம் வெறுமனே கிடக்கிறது. பேச்சுத் துணைக்கு ஆளில்லாத வீட்டில் அதை எதற்கு வீணாக்குவது என்று நான் என் பாட்டுக்கு எழுதிக்கொள்கிறேன்.

இன்று டாக்டர் ஷமீமாவிடம் போய்வந்தோம். என் வீட்டுக்காரருக்கு இந்த நரம்பு நோய் வந்து மூன்று வருஷம் ஆகிறது. முதலில் கை போயிற்று, அப்புறம் கால், பிப்ரவரியோடு பேச்சும் நின்றுவிட்டது. புத்தி மட்டும் அப்படியே இருக்கிறது. கனகராஜ் டிரைவிங் ஸ்கூல் என்றால் சிங்காநல்லூரில் தெரியாத ஆள் கிடையாது. ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மனுஷனுக்கு, இப்போது அசைவது இடது கட்டைவிரல் ஒன்றுதான்.

மாஸ்க் இனி ரொம்ப நாள் தாங்காது என்கிறார் டாக்டர். இருப்பது இரண்டு வழி. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து மூச்சு மெஷினோடு இணைத்துவிடலாம். வருஷக்கணக்கில் இருக்கலாம், ஆனால் மெஷினை விட்டு நகர முடியாது. அது வேண்டாமென்றால் வேண்டாம் என்று இப்போதே எழுதி வைத்துவிட்டால், மூச்சு முட்டித் தவிக்காமல் போவதற்கு மருந்து கொடுப்பார்கள். இருபதாம் தேதிக்குள் இவர் முடிவு சொல்ல வேண்டும். திடீரென்று முட்டிக்கொண்டால் அப்புறம் கேட்க நேரம் இருக்காதாம்.

ஒரு தடவை சிமிட்டினால் சரி, இரண்டு தடவை சிமிட்டினால் வேண்டாம் என்று சொல்லி அங்கேயே கேட்டுப் பார்த்தார். இவருடைய இமை இப்போதெல்லாம் தானாகத் துடிக்கிறது. ஒன்றா, இரண்டா, ஐந்தா என்று யாருக்கும் பிடிபடவில்லை. நான் சொல்கிறேன், இவர் மனசு எனக்குத் தெரியாதா என்று ஆரம்பித்தேன். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“நீங்க சொல்லக் கூடாதும்மா. அவர் சொல்லணும்.”

எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. முப்பது வருஷமாக இந்த மனுஷனோடு குப்பை கொட்டியவளிடம் நேற்று வந்த டாக்டர் சொல்கிற பேச்சா இது. வழி நெடுக ஆம்புலன்ஸ் டிரைவரிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜூன் 5, வியாழன்

ஆஸ்பத்திரிக்காரர்கள் மோகன்தாஸ் என்று ஒருவரை அனுப்பியிருந்தார்கள். கணபதியில் கம்ப்யூட்டர் கடை. மளிகைக் கடைகளில் தராசையும் பில் போடுகிற பிரிண்டரையும் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. இப்படிப்பட்ட நோயாளிகளுக்கும் செய்து தருகிறாராம். வாய் ஓய்வதேயில்லை, கையும் ஓய்வதில்லை.

காலிங் பெல் சுவிட்ச் அளவில் ஒரு பொத்தான். அதிலிருந்து ஒரு கம்பி. அதை லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகியதும் ஏறுகிற மாதிரி இரண்டு மணிச் சத்தம் கேட்டது. கழற்றினால் இறங்குகிற மாதிரி இரண்டு. செருகின உடனே இரண்டும் பேசிக்கொள்கின்றனவாம். நீ யார் என்று கம்ப்யூட்டர் கேட்கும், நான் ஒரு கீபோர்டு என்று பொத்தான் சொல்லும். ஒரே ஒரு விசையை வைத்துக்கொண்டு கீபோர்டு என்று சொல்ல அதற்கு எவ்வளவு தைரியம் பாருங்கள். கம்ப்யூட்டரும் நம்பிவிடுகிறது.

அழுத்தினால் பொத்தான் கம்ப்யூட்டரைக் கூப்பிடுமா என்று கேட்டேன். அதுதான் இல்லையாம்.

“கேட்டாத்தானுங்க்கா அது சொல்லும். தானா வாயத் தெறக்காது. ஏதாச்சும் உண்டா, ஏதாச்சும் உண்டான்னு கம்ப்யூட்டர்தான் கேட்டுக்கிட்டே இருக்கும், செகண்டுக்கு நூறு தடவைக்கு மேல. கேக்கறப்ப அழுத்தியிருந்தா, ஆமான்னு சொல்லும்.”

இப்படி நச்சரித்தால் எங்க வீட்டுக்காரர் எழுந்து ஓடியே போயிருப்பார் என்றேன். இவருடைய கண் என் பக்கம் திரும்பியது. இப்போதெல்லாம் இவர் சிரிப்பது அப்படித்தான்.

கட்டிலுக்கு மேலே வருகிற சக்கர மேஜையில் லேப்டாப்பை வைத்தோம். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மஞ்சள் பட்டை ஒன்று ஒவ்வொரு வரிசையாக இறங்கும். தனக்கு வேண்டிய வரிசைக்கு வந்ததும் அழுத்த வேண்டும். பிறகு அந்த வரிசையில் ஒவ்வொரு எழுத்தாகப் போகும். மறுபடி அழுத்த வேண்டும். கால் போட, கொம்பு போட அதற்கு ஒரு வரிசை தனியாக. ஒரு சொல் முடிவதற்குள் உலையே கொதித்துவிடும். விடாமல் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் மணி அடிக்கும், நான் அடுப்படியில் இருந்தாலும் கேட்கும்.

பொத்தானை இவருடைய கட்டைவிரலுக்கு அடியில் துணி மடித்து வைத்து, டேப் போட்டு ஒட்டினார். மணி அடித்துப் பார்த்தார். அடித்தது.

ஜூன் 6, வெள்ளி

கஞ்சி நாலு வேளை. சளி நாலு தடவை.

காலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார். முதலில் எல்லாம் தப்பு. கக்கக, பபா என்று குழந்தை கிறுக்கின மாதிரி. விரல் அழுத்துவதற்குள் பட்டை தாண்டிப் போய்விடுகிறது. பட்டையின் வேகத்தைக் குறைத்து வைத்தேன். பத்து மணிவாக்கில் ஒரு சொல் வந்தது. காது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, அரிக்குது.

எந்தக் காது என்று கேட்டேன். இடது என்று எழுதினார். பட்ஸ் வைத்துக் குடைந்துவிட்டேன், கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை நாளாக என்று கேட்டேன். மாசியிலிருந்து என்றார். மூன்று மாதத்துக்கு மேல் இந்த மனுஷன் காது அரிப்போடு படுத்திருந்திருக்கிறார். நான் முகம் துடைத்தேன், முதுகு துடைத்தேன், காதைக் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ஓசூரிலிருந்து சிந்துஜா வீடியோவில் வந்தாள். சாப்ட்டியா சாமி என்று மகளைக் கேட்டார். அதை எழுதி முடிக்கும்வரை அவள் போனைப் பிடித்தபடி காத்திருந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் அழவில்லை, எனக்கு மாஸ்க் மெஷினில் தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது.

ஜூன் 9, திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பொத்தான் தகராறு. இவர் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்துவிட்டு எழுந்தால் அது செத்துக் கிடக்கிறது. அழுத்தினாலும் ஒன்றும் இல்லை. மஞ்சள் பட்டை அது பாட்டுக்குச் சுற்றுகிறது.

மோகன்தாஸ் வந்து பார்த்தார். பொத்தான்மேல் தப்பில்லையாம். லேப்டாப் சிக்கனம் பார்க்கிறதாம். கம்பி செருகுகிற போர்ட் சும்மா இருந்தால் அதற்குக் கரண்டை நிறுத்திவிடுமாம். அப்புறம் அது கேட்பதையும் நிறுத்திவிடும். பேசாமல் இருப்பவனிடம் எதற்குக் கேட்பது என்று நினைக்கும்போல. செட்டிங்கில் போய் ஒரு டிக்கை எடுத்துவிட்டார். இனிமேல் தூங்காது என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

பொத்தான் நன்றாக வேலை செய்தது. ஃபேன் குறை. தலையணை உயர்த்து. பேப்பரில் என்ன போட்டிருக்கு. பதினோரு மணிவரைக்கும் இப்படித்தான்.

அப்புறம் பட்டை இரண்டு மூன்று சுற்றுப் போய்வந்தது. பிறகு அழுத்த ஆரம்பித்தார். தொ வந்தது. ண் வந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது திரையில் ‘தொண்டையில’ என்று இருந்தது.

கஞ்சிக்கு நேரமாகிவிட்டது. மேஜையைத் தள்ளினேன், கம்பி கழன்றுவிட்டது. கஞ்சி ஊற்றி முடித்து, சளி எடுத்து, வாயைத் துடைத்தேன். அதற்குள் இவருக்குக் களைப்பு. கம்பியைச் சாயங்காலம் மாட்டினேன்.

மேஜைச் சக்கரம் ஒன்று சரியில்லை. பார்க்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

தொடர்பு சரியில்லை. மோகன்தாசுக்குப் போன் போட வேண்டும். போடவில்லை.

ஜூன் 12, வியாழன்

கஞ்சி நாலு வேளை. சளி ஆறு தடவை. மாஸ்க் கழற்றினால் கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. உதட்டு நிறம் மாறுகிறது.

சிந்துஜா போன் பண்ணி நாள் நெருங்குகிறது, அப்பாவைக் கேட்டாயா என்றாள். மெஷின் சரியில்லை, விட்டு விட்டு வேலை செய்கிறது என்றேன். அப்படியென்றால் மோகன்தாசைக் கூப்பிட வேண்டியதுதானே என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஓசூரில் உட்கார்ந்துகொண்டு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். வந்து ஒரு நாள் சளி எடுத்துப் பார் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் இவருடைய அண்ணன் மெஷினில் கிடந்தார், தொண்டையில் குழாயோடு. பார்த்துவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் இளநீர்க்காரன் பக்கத்தில் நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“வசந்தா, என்னய ஒரு நாளும் இப்பிடிப் போட்டுறாத.”

அப்போது சரி என்று சொன்னேன். வேறென்ன சொல்வது. இளநீரைக் குடித்தோம். அதை நான் டாக்டரிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. இவர் எழுத ஆரம்பித்தால் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரிந்தேதான் இருக்கிறது. எழுதிவிட்டால் அது எழுதினதுதான். இருபதாம் தேதி தாண்டிவிட்டால், முட்டிக்கொண்டு தூக்கிப் போனால், அங்கே இருக்கிறவர்கள் அவர்களாகக் குழாய் போட்டுவிடுவார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மத்தியானம் மறுபடி ‘தொண்டை’ என்று ஆரம்பித்தார். மறுபடி பொத்தான் செத்துவிட்டது.

மோகன்தாசுக்குப் போன் போட்டேன். செத்துப் போகும்போது இறங்குகிற சத்தம் கேட்டதா என்று கேட்டார். தூங்கிப் போனால் சத்தம் வராதாம், கம்பி கழன்றால்தான் வருமாம். கேட்கவில்லை என்றேன். மிக்சி ஓடும்போது எனக்கு எங்கே கேட்கப்போகிறது.

ஜூன் 14, சனி

மோகன்தாஸ் வந்தார். கம்பியை மாற்றினார். வேறு போர்ட்டில் செருகினார். பொத்தானைத் திறந்து உள்ளே பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஓடவிட்டுப் பார்க்கிறேன் என்றார். நல்லதாகப் போயிற்று, மெடிக்கலுக்குப் போய்ச் சளி எடுக்கிற குழாய் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். கடையில் கூட்டம். சாரல் வேறு பிடித்துக்கொண்டது.

திரும்பி வந்தபோது திரையில் ஒன்றும் இல்லை, துடைத்துவைத்த மாதிரி இருந்தது. என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். கார் ஓட்டுறதைப் பத்திங்க்கா என்றார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை, காது சிவந்துபோயிற்று. இவர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை. பையிலிருந்து க்ளூ கன் எடுத்து, பிளக் பாயிண்டில் மாட்டி, சூடாகும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. பிறகு கம்பியை லேப்டாப்பில் செருகி, சுற்றிலும் பசையைப் பிழிந்து, ஆடாமல் அசையாமல் ஒட்டிவிட்டார். இனி அதைக் கழற்ற வேண்டுமானால் லேப்டாப்பையே உடைக்க வேண்டும்.

“கம்பி நல்லா இருக்குதுங்க்கா. பொத்தானும் நல்லா இருக்குதுங்க” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

யாரைக் கேட்டு ஒட்டினான். என் வீட்டுச் சாமான், என் புருஷன், என் மேஜை. தராசுக்கும் பிரிண்டருக்கும் கம்பி செருகுகிறவனுக்கு என்ன தெரியும். நாளைக்கு லேப்டாப் ரிப்பேர் என்றால் அவனா வந்து நிற்பான். வந்த கோபத்துக்கு டீயைச் சிங்கில் ஊற்றினேன்.

கஞ்சி எழுத மறந்துவிட்டேன். நாலு வேளைதான்.

ஜூன் 16, திங்கள்

விரலுக்கு அடியில் டேப் ஒட்டி ஒட்டித் தோல் சிவந்திருக்கிறது. புண்ணாகிவிட்டால் யார் பார்ப்பது. அதனால் டேப்பை எடுத்துவிட்டேன். பொத்தானைக் கைக்குப் பக்கத்தில் துணிமேல் வைத்திருக்கிறேன். வேண்டும்போது விரலுக்கு அடியில் வைக்கிறேன், எழுதுகிறார். அப்புறம் எடுத்துவிடுகிறேன். காலையில் வைத்தேன், வெந்நீர் என்று எழுதினார், குழாயில் ஊற்றினேன். அப்புறம் தோல் ஆறட்டும் என்று எடுத்து வைத்துவிட்டேன்.

இன்று முழுக்க என்னைப் பார்க்கவில்லை. முகம் துடைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். நான் ஏதேதோ பேசினேன். எதிர்வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள், பச்சைக் கலர், கண்ணைக் குத்துகிறது என்றேன். ஃபேனைக் குறைக்கட்டுமா என்றேன். போர்த்திவிடட்டுமா என்றேன். எத்தனையோ கேட்டேன்.

டாக்டர் ஷமீமாவின் ஆஸ்பத்திரியிலிருந்து போன். வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

பதினோரு மணிக்குக் கொல்லைப்பக்கம் போர்வை துவைக்கப் போனேன். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம், பக்கத்து வீட்டு மோட்டார்ச் சத்தம். போர்வையை அலசி, பிழிந்து, கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். மாஸ்க்கின் ஒரு பக்கப் பட்டை நழுவி, மாஸ்க் கன்னத்துக்குப் போயிருந்தது. காற்று வெறுமனே தலையணைமேல் அடித்துக்கொண்டிருந்தது. முகம் கறுத்திருந்தது. கண் மட்டும் அகலமாகத் திறந்து, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

எப்படி மாட்டினேன் என்று தெரியவில்லை. பட்டையை இழுத்துக் கட்டி, தலையைத் தூக்கிப் பிடித்து, சாமி சாமி என்று கத்தினேன்போல. மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. மோட்டார்ச் சத்தம் நின்றிருந்தது. அப்போதுதான் இவருடைய கையைப் பார்த்தேன். கட்டைவிரல் மடிந்து மடிந்து நிமிர்ந்தது. வெறும் துணியை அழுத்திக்கொண்டிருந்தது. பொத்தான் நாலு விரல்கடை தள்ளி, நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

அடித்திருந்தால் மணி கொல்லைக்குக் கேட்டிருக்கும். மோகன்தாஸ் அன்றைக்கே அடித்துக் காட்டினார். கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. சொல்வதற்கு இவருடைய விரலுக்கு அடியில் ஒன்றும் இல்லை.

நான்தான் எடுத்து வைத்தேன். தோல் சிவந்ததெல்லாம் உண்மைதான், ஆனால் அதற்காக எடுக்கவில்லை. மேஜைச் சக்கரத்தில் ஒரு கோளாறும் இல்லை. பத்தாம் தேதியும் பதினொன்றும் பன்னிரண்டும் கம்பியைப் பிடுங்கினது நான். சத்தமும் கேட்டது, மூன்று தடவையும் கேட்டது.

கஞ்சி இரண்டு வேளைதான் கொடுத்தேன்.

ஜூன் 18, புதன்

காலையில் குளித்துவிட்டு வந்து, புது டேப் எடுத்து, பொத்தானை இவருடைய விரலுக்கு அடியில் ஒட்டினேன். மேஜையை நேராக வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். துணி மடிக்கவில்லை, அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லை.

கேட்டுவிட்டேன். “ஏனுங்க, தொண்டையில குழாய் போட்டுக்கறீங்களா, வேண்டாமுங்களா? எதுன்னாலும் சொல்லுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கறேன்.”

இவர் என்னையே பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். மஞ்சள் பட்டை இறங்கியது. அழுத்தினார்.

தொண்டையில என்று வருவதற்குள் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அடுத்தது ப வரிசையில் நின்றது. போ. அப்புறம் ட வந்தது. இன்னொரு ட வந்தது, தப்பு, அழித்தார்.

தொண்டையில போடச் சொல்லு.

நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தப்பாக அழுத்திவிட்டாரோ என்று, நிஜமாகத்தானா என்று கேட்டேன். நிசம் என்று எழுதினார். அண்ணனைப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்குச் சொன்னீர்களே, என்னை இப்படிப் போட்டுவிடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்களே என்றேன்.

அதற்குப் பதில் எழுத ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். நடுவில் ஒரு தடவை சளி எடுக்க வேண்டியிருந்தது. எடுத்துவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தேன்.

அன்னிக்கு எனக்கு மூச்சு இருந்துச்சு. பேசுனேன்.

பிறகு நிறுத்தவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக்கொண்டே போனார். வாசலில் பால்காரரோ யாரோ கூப்பிட்டார்கள், நான் எழுந்திருக்கவில்லை. நீ கம்பிய புடுங்குனத பாத்தேன் என்று வந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திரையைப் பார்க்கிறார், பக்கவாட்டில் என் கையைப் பார்க்க மாட்டார் என்று நினைத்திருந்தேன். நாற்பது வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் கைகாலைப் பார்த்தே வண்டியை நிறுத்தின மனுஷன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்தது வந்தது.

பாத்துக்க முடியல போல. போகட்டும்னு நெனக்கறயோன்னு இருந்தேன். தப்பில்லன்னு நெனச்சேன்.

ஐயோ. எட்டு நாளாக இந்த மனுஷன் அப்படி நினைத்துக்கொண்டு என் கையால் கஞ்சி வாங்கியிருக்கிறார். நான் முகம் துடைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டது அதற்குத்தான். நேற்று மூச்சு முட்டும்போதும் அதைத்தான் நினைத்திருப்பார், வேண்டுமென்றே தள்ளி வைத்திருக்கிறாள் என்று.

நான் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து இவருடைய நெஞ்சில் தலையை வைத்துக்கொண்டேன். குழாய், கம்பி எதையும் பார்க்கவில்லை.

“நீங்க வேண்டாம்னு சொல்லிருவீங்கன்னுதானுங்க புடுங்குனேன். சொல்லிட்டீங்கன்னா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு யாரு இருக்கறாங்க?”

காதுக்குப் பக்கத்தில் மாஸ்க் மெஷின் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என் முழங்கைக்குக் கீழே விரல் அசைவது தெரிந்தது. ரொம்ப நேரம் நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கியபோது திரையில் ஒரே சொல்தான் இருந்தது.

கிறுக்கி.

கல்யாணமான புதிதில் இவர் என்னை அப்படித்தான் திட்டுவார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் அடக்க முடியவில்லை. இவர் கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்து மாஸ்க்குக்குள் போயிற்று. துடைத்துவிட்டேன். விரல் மறுபடி அழுத்த ஆரம்பித்தது. அழுவாத, மாஸ்க் நனையுது என்று எழுதினார். பிறகு, டாக்டருக்கு போன் பண்ணு.

பண்ணினேன். எழுதினது எல்லாவற்றையும் டாக்டர் ஷமீமாவிடம் ஒன்றுவிடாமல் படித்தேன், கிறுக்கியை மட்டும் விட்டுவிட்டேன். நாளைக் காலை நேரில் வந்து இவரிடமே இன்னொரு தடவை கேட்கிறேன், திங்கட்கிழமை ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றார். வாருங்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன்.

கஞ்சி நாலு வேளை. சளி ஐந்து தடவை. வெள்ளைச் சட்டை எடுத்து வை, டாக்டர் வர்றாங்க என்று எழுதியிருக்கிறார். இஸ்திரி போட வேண்டும்.